மூன்று கண் புரொஜக்டரும் பாவாயக்காவும்

போன வாரம் எங்கள் மாப்பிள்ளை கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தார். அவர் தானாகப் போன் செய்வது அபூர்வம் என்பதால், பெண்ணோடு ஏதாவது சண்டையோ என்று ஒரு நொடி பதறிப்போனேன். விஷயம் அதுவல்ல. வேலை முடிந்து வந்ததும் இணையத்தில் யார் யார் எந்தப் பழைய சாமானை விற்கிறார்கள் என்று தேடிப் பார்ப்பது அவருடைய பொழுதுபோக்கு. அப்படித் தேடும்போது ஒன்று கண்ணில் பட்டுவிட்டது.

"அத்தை, மூணு லென்சு வெச்ச பழைய சி.ஆர்.டி. புரொஜக்டர் ஒண்ணு விலைக்கு வந்திருக்குதுங்க. நீங்க முந்தி ஒண்ணு வெச்சிருந்தீங்களாமே. வாங்கறதுக்கு முன்னால என்னென்ன பாக்கோணும்?"

"மொதல்ல ஊட்டுல சம்மதமான்னு பாருங்க மாப்ள" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

பிறகு போட்டோ அனுப்பினார். டிரங்குப் பெட்டி அளவுக்குக் கறுப்பாக ஒரு உடம்பு, முன்னால் வரிசையாக மூன்று பெரிய லென்சுகள். பார்த்ததும் எனக்கு மூக்கில் வாசனை அடித்தது. டியூப் சூடேறும்போது தூசி கருகும் வாசனை, அதோடு கலந்து காப்பிச் சாக்கின் வாசனை. போனில் வந்த போட்டோவுக்கு வாசனை ஏது என்று நீங்கள் கேட்கலாம், எனக்கு அடித்தது. எங்கள் வீட்டுக்காரரிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "நம்முளுது இதவிட லட்சணமா இருந்துச்சு" என்றார். இத்தனை வருடம் கழித்தும் மனிதர் அந்த மிஷினை விட்டுக்கொடுப்பதில்லை.

சேலத்திலிருந்து கல்யாணம் ஆகி நான் ஏற்காட்டுக்கு வந்தபோது, ஏரிக்குப் போகும் வழியில் எங்களுக்கு ஒரு மெஸ் இருந்தது. கீழே சாப்பாடு, மேலே ஒரு பெரிய ஹால். ஹாலில் உடைந்த பெஞ்சும் வெங்காய மூட்டையும் கிடந்தன. ஓர் இடம் சும்மா கிடந்தால் எங்கள் வீட்டுக்காரருக்குத் தூக்கம் வராது. தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து, "மேல வீடியோ ஹால் போட்டரலாம்" என்றார். சீசனுக்கு வருகிறவர்கள் சாயங்காலம் மேலே படம் பார்ப்பார்கள், படம் முடிந்து கீழே வந்து சாப்பிடுவார்கள் என்பது திட்டம். மலையைப் பார்க்க வந்தவர்கள் எதற்குக் காசு கொடுத்து இருட்டறைக்குள் உட்கார வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. புதுசாகக் கல்யாணம் ஆனவர்களுக்குப் பல விஷயங்கள் தோன்றுவதில்லை.

சேலத்தில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்தை மூடிவிட்டு, இருந்ததையெல்லாம் விற்றுக்கொண்டிருந்தார்கள். போய்ப் பார்த்தோம். வாங்குவதற்கு முன் எங்கள் வீட்டுக்காரர் என்னவெல்லாம் பார்த்தார் என்பதைச் சொல்கிறேன், அதையெல்லாம் நீங்கள் பார்க்க வேண்டாம். பலாப்பழத்தைத் தட்டுவதுபோல் மிஷினைத் தட்டிப் பார்த்தார். பின்னால் போய்க் குனிந்து ஏதோ படித்தார். "ஜப்பானுங்களா?" என்று கேட்டார். விற்றவர் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினார். சுவர் முழுக்க ஆட்டமும் பாட்டும் கலர் கலராக வந்ததும் எங்கள் வீட்டுக்காரர் அங்கேயே விழுந்துவிட்டார். நானும்தான். நானும் பக்கத்தில் நின்று வாயைப் பிளந்துகொண்டிருந்தேன்.

கேட்டிருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. "பாட்டை நிறுத்திட்டு வெறும் வெள்ளையை மட்டும் காட்டுங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த நிலையத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதற்காகத் தினமும் ஒரே கணக்குக் கட்டத்தைத் திரையில் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரே படத்தை நாள்கணக்கில் காட்டினால் டியூப் அந்த இடத்தில் தீய்ந்து, அதன் தடம் நிரந்தரமாகத் தங்கிவிடும். ஆட்டம் பாட்டத்தில் அது தெரியாது. அமைதியான காட்சி வந்தால் கோடு கோடாகத் தெரியும். ஏற்காட்டுக்கு வந்து முதல் படத்தைப் போட்டோம். கதாநாயகி கண்ணீரோடு நின்றாள், முகத்தின் மேல் ஜன்னல் கம்பிபோல் கட்டங்கள். "யாரும் கவனிக்க மாட்டாங்க" என்றார் எங்கள் வீட்டுக்காரர். கவனிக்காதவர் ஒருவர்கூட இல்லை.

ஏற்காட்டுக்கு வந்து என்று சுலபமாக எழுதிவிட்டேன். மிஷின் எப்படி வந்தது என்பது தனிக்கதை. எங்கள் வீட்டு மெத்தையையே கொண்டுபோய்ச் சுற்றி, வேனில் ஏற்றி, பின்னால் அவர் அதைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்துகொண்டார். நான் முன்னால் டிரைவர் பக்கத்தில். அடிவாரம் தாண்டியதும் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பின்னாலிருந்து "மெதுவாங்க, மெதுவாங்க" என்று கத்தல். பொறுத்துப் பார்த்த டிரைவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏனுங்க, பின்னால பிரசவத்துக்குப் போறவங்க யாராச்சும் இருக்காங்களா?" என்றார். மாடிக்கு ஏற்ற நான்கு பேர் வேண்டியிருந்தது. அதனால் மாப்பிள்ளையிடம், விலையை விசாரிப்பதற்கு முன் உங்கள் ஃபிளாட்டில் லிஃப்ட் வேலை செய்கிறதா என்று விசாரியுங்கள் என்றேன்.

இந்த மிஷினுக்கு மூன்று கண். சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. மூன்றும் போய்த் திரையில் ஒரே இடத்தில் சேர்ந்தால்தான் படம். இதைச் சரிசெய்வதற்குக் கன்வர்ஜென்ஸ் என்று பேர். வளைவுகளில் குலுங்கி வந்ததில் எங்கள் மிஷினில் மூன்றும் மூன்று திசைக்குப் போயிருந்தன. ஒவ்வொருவருக்கும் மூன்று மூக்கு. எங்கள் வீட்டுக்காரர் ஸ்குரூ டிரைவரும் ரிமோட்டுமாக உட்கார்ந்தார் என்றால் காலை டிபன் மத்தியானச் சாப்பாட்டோடு சேர்ந்துவிடும். "சேந்துருச்சு, சேந்துருச்சு" என்று அவர் கத்தினால் தெருவில் போகிறவர்கள் யாரோ கோபித்துக்கொண்டு போன புருஷன் பெண்டாட்டி சேர்ந்துவிட்டதாக நினைப்பார்கள்.

வெளிச்சமும் ஆகாது. அதற்காக எஸ்டேட்டில் கேட்டு வாங்கிய காப்பிச் சாக்குகளை ஜன்னல்களில் தொங்கவிட்டோம். திரை என்று தனியாக வாங்கவில்லை. வெள்ளை வேட்டிகளை ஒன்றோடொன்று தைத்து, ஹாலின் பின்புறம் குறுக்கே கட்டினோம். திரைக்குப் பின்னால் சுவருக்கு முன் ஒடுக்கமாக ஒரு சந்து. அதன் வழியாகத்தான் சமையல்கட்டுக்கு இறங்கும் படி. மழைக்காலத்தில் சாக்கையும் மீறி உள்ளே பனிமூட்டம் வந்துவிடும். அப்போது மிஷினிலிருந்து மூன்று நிறத்தில் மூன்று தூண்கள் அந்தரத்தில் நீண்டு போகும். படம் பார்க்க வந்த சனம் திரையை விட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த ஈரத்தில் நீலக் கண்ணில் பூஞ்சை பிடித்தது. டியூபுக்கும் லென்சுக்கும் நடுவில் சூடு தணிய ஒரு திரவம் இருக்கும், அதில் பிடித்துவிட்டது. எங்கள் ஊரில் மழைக்காலத்தில் செருப்புக்கே பூஞ்சை பிடிக்கும், இதற்குப் பிடிக்காதா. பழைய மிஷின் வாங்குகிறவர்கள் டார்ச் அடித்து லென்சுக்குள் பார்த்துவிட வேண்டும்.

சீசன் ஆட்கள் வரவில்லை. வந்ததெல்லாம் கல்யாணக் கேசட்டுகள்தான். அந்தக் காலத்தில் எல்லாக் கல்யாணத்துக்கும் வீடியோ எடுப்பார்கள், ஆனால் எல்லார் வீட்டிலும் கேசட் போட்டுப் பார்க்க டெக் இருக்காது. எங்கள் ஹாலுக்குக் கொண்டுவந்தால் பெரிசாகப் பார்க்கலாம், இரண்டு வீட்டாரும் கீழே சாப்பிட்டுவிட்டுப் போகலாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து வருவார்கள். சம்பந்திகள் முன்வரிசையில், அதே கல்யாணத்தில் உட்கார்ந்த முறைப்படி உட்காருவார்கள். கல்யாணத்தில் அழுத இடத்தில் மறுபடியும் அழுவார்கள். பந்தியில் யாருக்கு அப்பளம் விட்டுப்போயிற்று என்பது அங்கேதான் வெளிச்சத்துக்கு வரும்.

அவர்களுக்கு அது படமே இல்லை. ஒருமுறை எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஒருவருடைய மகள் கல்யாணத்தைப் போட்டிருந்தோம். தாலி கட்டுவதை இன்னொருக்கா காட்டுங்கள் என்றார்கள். எங்கள் வீட்டுக்காரர் படத்தை நிறுத்தாமல் அப்படியே பின்னால் ஓட்டினார். திரையில் மாப்பிள்ளை பெண்ணின் கழுத்திலிருந்து தாலியை அவிழ்த்துத் தட்டில் வைத்தார். ஹாலே அலறியது. மாப்பிள்ளையின் அம்மா எழுந்து ஓடிப்போய் மிஷினுக்கு முன்னால் நின்று, மூன்று கண்களையும் தன் முந்தானையால் மூடினார். அன்றிலிருந்து கேசட்டைப் பின்னால் ஓட்டும்போது லென்சுகளின் மேல் இட்லித் தட்டை வைத்து மறைப்பது எங்கள் ஹாலில் சட்டமாகிவிட்டது.

இப்போது பாவாயக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் மெஸ்ஸில் மாவாட்டவும் காய் நறுக்கவும் இருந்தார். குப்பனூர்க்காரர், காலை முதல் பஸ்ஸில் ஏறி வருவார். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். புருஷன் சின்ன வயதிலேயே போய்விட்டதால் வெள்ளைச் சேலைதான் கட்டுவார். ஒரே மகள் சுமதி. அவளை வளர்த்ததும் படிக்கவைத்ததும் மாப்பிள்ளை பார்த்ததும் அக்காதான். கல்யாணத்தில் முகூர்த்த நேரத்தில் மட்டும் அக்கா மணவறைப் பக்கம் இல்லை. தாரைவார்த்தது அக்காவின் தம்பியும் தம்பி பெண்டாட்டியும். அக்காவை யாரும் போகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே எங்கள் பக்கத்தில் இல்லை. தாலி ஏறும் நேரத்தில் புருஷனை இழந்தவர்கள் தாமாகவே பின்பக்கம் போய்விடுவார்கள். அக்கா சமையல்காரர்களோடு அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார். நான் முன்வரிசையில் அட்சதை போட்டேன். அக்கா எங்கே என்று எனக்கும் தோன்றவில்லை.

கேசட் வந்தபோது அக்கா அதை ஈயச் சட்டிக்குள் துணி சுற்றி வைத்துக் கொண்டுவந்தார்.

"தாலி ஏறுனத நாம் பாக்கல கண்ணு. கெட்டிமேளச் சத்தந்தான் கேட்டுது. ஒருக்கா பாத்துட்டன்னா நெஞ்சு ஆறிப்போகும்" என்றார்.

அக்கா எதையும் எங்களிடம் கேட்டவர் இல்லை. எங்கள் வீட்டுக்காரர் இரண்டு நாள் முன்பிருந்தே கன்வர்ஜென்ஸில் உட்கார்ந்துவிட்டார். அக்காவின் மகளுக்கு மூன்று மூக்கு இருக்கக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம்.

ஞாயிற்றுக்கிழமை சுமதியும் மாப்பிள்ளையும், மாப்பிள்ளையின் அம்மா அப்பா, அக்காவின் தம்பி குடும்பம் எல்லாரும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அக்காவை நான் முன்வரிசையில் பிடித்து உட்காரவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். படம் ஓடத் தொடங்கியது. திரையில் சுமதி ரோஜாப்பூவுக்குள்ளிருந்து சிரித்தாள், பிறகு ஒரு இதயத்துக்குள் சுற்றி வந்தாள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தாலித் தட்டு ஒவ்வொருவராகத் தொட்டுக் கும்பிடுவதற்காகச் சபையைச் சுற்றி வரத் தொடங்கியது. அக்கா எழுந்தார்.

"எங்கக்கா?"

"வந்தர்றேன் சாமி."

திரைக்குப் பின்னால் போய்விட்டார். தண்ணீர் குடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். தட்டு மணவறையை நெருங்கியதும் எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டுக்காரரிடம் நிறுத்தச் சொல்லிவிட்டு ஓடினேன். அக்கா அந்தச் சந்தில், படிக்கட்டு ஓரம், சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

"படந்தானே அக்கா. கல்யாணம் எப்பவோ முடிஞ்சு போச்சு. வாங்க."

"படமா இருந்தா என்ன கண்ணு. கட்டறது எம் புள்ளைக்குத்தான. என் கண்ணு பட்டு நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

அதற்குள் மாப்பிள்ளையின் அம்மாவும் எழுந்து வந்துவிட்டார். "அட வாங்க சம்பந்தி, நீங்க இல்லாம என்ன" என்று மனதாரத்தான் கூப்பிட்டார். சுமதி வந்து கையைப் பிடித்து இழுத்தாள். அக்கா அசையவில்லை. எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே ஒரு காட்சி. அதைப் பார்க்க மற்ற எல்லாரும் கூப்பிட்டும் பயன் இல்லை, அவரே தம்மை உள்ளே விட மாட்டேன் என்கிறார்.

மற்றவர்கள் முன்பக்கம் திரும்பிப் போன பிறகு அக்கா மெல்லத் திரும்பித் திரையைப் பார்த்தார். வேட்டித் துணிதானே, படம் இந்தப் பக்கமும் தெரிந்தது. நிறுத்தி வைத்த படம் நடுங்கிக்கொண்டு நின்றது.

"ஏங் கண்ணு, அந்தப் பக்கம் உக்காந்தாத்தான சபையில இருந்த மாதிரி? இங்க நின்னா அடுப்படியில நின்ன மாதிரித்தான?"

"ஆமாங்கக்கா. இது அடுப்படிதான். நானே சொல்றேன், இது அடுப்படிதான்."

"அப்ப போடச் சொல்லு."

சொல்லப் போனேன். அப்போதுதான் எங்கள் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். பின்னாலிருந்து பார்த்தால் இடம் வலம் மாறித் தெரியும். எல்லாரும் இடது கையால் அட்சதை போடுவார்கள். அந்த அம்மாவுக்கு அதைப் போய்க் காட்டுவதா என்றார். பிறகு மிஷினின் மூடியைத் திறந்து உள்ளே கையை விட்டார். அந்த வகை மிஷினைத் திரைக்குப் பின்னால் வைத்தும் படம் காட்டலாம், அதற்காகப் படத்தை இடவலமாகத் திருப்ப உள்ளே ஒரு வசதி உண்டு. திருப்பிவிட்டு என்னைப் பார்த்து, "நீ போ, அக்கா கூட நில்லு" என்றார்.

படம் ஓடியது. முன்பக்கம் ஒரே கூச்சல்.

"ஏனுங்க, எல்லாரும் பீச்சாங்கையில அட்சத போடறாங்க!"

"மிஷின் மக்கர் பண்ணுதுங்க. கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்று எங்கள் வீட்டுக்காரர் கூசாமல் சொன்னார். என் வாழ்நாளில் அவர் சொன்ன பொய்களில் எனக்குப் பிடித்த பொய் அது.

பின்பக்கம் எல்லாம் சரியாகவே நடந்தது. துணியைத் தாண்டி வந்த வெளிச்சம் அக்காவின் வெள்ளைச் சேலை மேல் சிவப்பும் பச்சையுமாக விழுந்தது. மாப்பிள்ளை தாலியை எடுத்தார். மேளம் கொட்டியது. அந்தக் கணக்குக் கட்டத்தின் கோடுகளுக்கு நடுவே சுமதி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அக்கா என் கையை நசுங்கப் பிடித்திருந்தார். நான் அழுதேன், அக்கா அழவில்லை.

"மாப்ளைக்குக் கை நடுங்குது பாரு கண்ணு" என்று சிரித்தார். "நல்ல பையன். நொம்ப நல்ல பையன்."

முடிந்ததும் என் காதருகே குனிந்து, "இன்னொருக்கா போடுவாங்களா?" என்று கேட்டார். இட்லித் தட்டுகளை வைத்து மறைத்து, கேசட்டைப் பின்னால் ஓட்டி, மறுபடியும் போட்டோம். முன்பக்கத்தார் முணுமுணுத்துக்கொண்டே இரண்டாம் தடவையும் பீச்சாங்கைக் கல்யாணத்தைப் பார்த்தார்கள். அக்காவின் தம்பி மட்டும் படத்தை விட்டுவிட்டுத் திரையின் கீழ் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அங்கே இரண்டு ஜோடிக் கால்கள் தெரிந்திருக்கும்.

மிஷின் இன்னும் சில வருடம் ஓடியது. பிறகு பச்சை டியூப் போயிற்று. மாற்று டியூப் சேலத்தில் இல்லை, பெங்களூரிலும் இல்லை. மாப்பிள்ளையிடம் கடைசியாகச் சொன்னது இதைத்தான்: மிஷின் வாங்கும்போதே டியூப் எங்கே கிடைக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். அவர் வாங்கத்தான் போகிறார், குரலிலேயே தெரிந்தது. இப்போது எங்கள் ஹால் இருந்த இடத்தில் கண்ணாடி ஜன்னல் வைத்த அறைகள், வாடகைக்கு. காப்பிச் சாக்கு இல்லை, டெக் இல்லை. கல்யாண வீடியோ அவரவர் போனுக்கு வருகிறது, அவரவர் தனியாக, பாதியைத் தள்ளிவிட்டுப் பார்க்கிறார்கள். சம்பந்திகள் முறைப்படி உட்கார்ந்து இரண்டாம் தடவை அழுத ஞாயிற்றுக்கிழமைகள் போயே போய்விட்டன. அதற்கு எனக்கு வருத்தம் உண்டு.

போனதில் ஒன்றுக்கு மட்டும் வருத்தமே இல்லை. போன வருடம் சேலத்தில் சுமதியின் மகளுக்குக் கல்யாணம். கெட்டிமேளம் கொட்டப்போகிற நேரத்தில் நான் சட்டென்று எழுந்து மண்டபத்தின் பின்பக்கம் ஓடினேன். அடுப்படியில் தேடினேன், கைகழுவும் இடத்தில் தேடினேன். அக்காவைக் காணோம். திரும்பி ஓடிவந்து பார்த்தால், மணவறைக்கு முன்னால் வெள்ளைச் சேலை. வீடியோ எடுக்கிற பையன் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"பாட்டி, கொஞ்சம் தள்ளுங்க. மறைக்குது."

"தள்ள முடியாது சாமி. நீ வேணும்னா அந்தப் பக்கம் போயி எடுத்துக்கோ."

அவனுக்கு நேரம் இல்லை, மேளம் கொட்டிவிட்டது. வீடியோ பிறகு என் போனுக்கும் வந்தது. தாலி கட்டும் காட்சி அதில் இல்லை. திரை முழுக்கப் பாவாயக்காவின் முதுகுதான்.